ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வருபவர்: சிறிய இசை நிறுவனத்தின் அகப்பக்கத்தைத் திருத்தி அமைக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைமாடியில் இயங்கும் இசை வெளியீட்டு நிறுவனத்தின் அகப்பக்கத்தை மாற்றி அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கீழே துணிக்கடை, மேலே, முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய ஒலிப்பதிவு அறை. பாடுபவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். பழைய அகப்பக்கத்தில் எதற்கும் குறைவில்லை. நிறுவனரின் வாழ்த்துரை, தானே சுழலும் படங்கள், பொன்னாடை போர்த்திய புகைப்படங்கள் எல்லாம் இருந்தன. பாட்டு மட்டும் நான்கு முறை தட்டிய பிறகுதான் கிடைத்தது.

இதே மாதிரி வேலை உங்கள் கைக்கு வந்தால் எங்கே தொடங்குவது, எங்கே கால் இடறும் என்பதை இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற ஒன்றில் பக்கம் சேர்க்கவும் நீக்கவும் தெரிந்தால் போதும்.

கணினியைத் திறக்கும் முன்

முதல் நாள் கணினியைத் தொடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு ஓர் ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சிற்றுண்டிக் கடையில், போய் உட்காருங்கள். தேநீர் குடிக்க வருபவர்களில் நான்கைந்து பேரிடம் பழைய அகப்பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து கொடுத்து, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "போன திருவிழாவில் உறுமியோடு ஒரு பாட்டுப் பாடினார்களே, அதைப் பாடியவர் யார் என்று இதில் கண்டுபிடியுங்கள்." பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கடினம். முதல் ஆளிடமே நான் "மேலே மூன்று கோடு இருக்கிறது பாருங்கள், அண்ணே" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சோதனை அத்தோடு வீண்.

இரண்டாவதாகக் கேட்ட அக்கா 'எங்கள் கலைஞர்கள்' என்பதைத் தட்டினார். திரை முழுக்க முகங்கள் வந்தன; பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார்கள். "இதில் யாரென்று எனக்கு எப்படித் தம்பி தெரியும்? பாட்டுத்தான் தெரியும்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாங்கள் பிறகு செய்த அத்தனை மாற்றமும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நிறுவனம் தன்னுடைய கலைஞர்களைப் பெயரால் அறிந்திருக்கிறது. ரசிகர் அப்படி வருவதில்லை. மின்னல் எஃப்எம், ராகா போன்ற வானொலியில் பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறார். கல்யாண மண்டபத்தில் காதில் விழுந்த ஒரு வரியோடு வருகிறார். இது நம் மொழியில் புதிதல்ல. குறுந்தொகையில் 'செம்புலப் பெயல்நீர்' என்று பாடியவரின் இயற்பெயர் போய்விட்டது, வரி நின்றது, அந்த வரியை வைத்தே அவரைச் செம்புலப்பெயனீரார் என்கிறோம். வரியிலிருந்து ஆளுக்குப் போகும் பாதைதான் நீங்கள் போட வேண்டியது. பழைய அகப்பக்கங்கள் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கும்.

ஒட்டுக்கடை முடிந்ததும், கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைப் பதிந்து, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று பாருங்கள். அகப்பக்கத்தின் உள்ளேயே தேடுபெட்டி இருந்தால் அதில் தட்டப்பட்ட சொற்களையும் எடுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே வையுங்கள். அந்தப் பிழைகள் பின்னால் உதவும்.

பதிவேடு

தோட்டத்தில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் கிராணியார் (எழுத்தர்) பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கு எடுப்பதைப் போல, இருப்பதையெல்லாம் ஒரு விரிதாளில் ஏற்ற வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு வரிசை. பாட்டின் பெயருக்கு முன்னால், முதல் நெடுவரிசையில் பாட்டின் முதல் அடியை எழுதுங்கள். அடுத்ததில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி வரி. பழைய பக்திப் பாடல் பதிப்புகளின் கடைசியில் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான் இது.

அதன் பிறகு பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், உறுமி, தவில், கோரஸ், ஒலிப்பதிவு செய்தவர், ஆண்டு, படத்தின் உரிமை யாருக்கு என்பவை. ஐஎஸ்ஆர்சி எண்ணுக்கும் ஒரு நெடுவரிசை வேண்டும். பன்னிரண்டு குறிகள் கொண்ட அந்த எண், ஒலிப்பதிவுக்கு உரியது. அதே பாட்டை வேறு தாளத்தில் மறுபடி பதிவு செய்தால் புதிய எண் வாங்க வேண்டும். பாடலை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள உரிமை வேறு; அதற்கு, அவர்களின் உரிமையைக் கவனிக்கும் எம்ஏசிபி அமைப்பில் பதிகிறார்கள். பாட்டு வேறு, பதிவு வேறு என்பதை முதல் வாரத்திலேயே மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பாட்டின் மூன்று வடிவங்கள் மூன்று பாட்டுகளாக உங்கள் அகப்பக்கத்தில் உலவும்.

வேலையிலேயே அதிக நாள் பிடித்தது இதுதான். எங்களிடம் பல பதிவுகளில் உறுமி அடித்தவர்கள் என்ற இடத்தில் 'பையன்கள்' என்று மட்டுமே எழுதியிருந்தது. அந்தப் பையன்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்துப் பெயர் கேட்டோம். இது மரியாதைக்காக மட்டும் செய்த வேலை இல்லை. ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு ரசிகரைக் கொண்டுபோகும் சாலைகள் இந்தப் பெயர்கள்தான். ஒரே உறுமிக் குழு ஐந்து பாடகர்களுக்கு வாசித்திருக்கும். ஒரே பாடலாசிரியர் தாலாட்டும் எழுதியிருப்பார், ராப் பாட்டுக்கு வரியும் கொடுத்திருப்பார். பெயர் இல்லையென்றால் சாலை அங்கேயே முடிந்துவிடும்.

பாட்டுப் பக்கமே வாசல்

இனி வடிவமைப்பு. முகப்புப் பக்கத்தில் தொடங்கவே எல்லோருக்கும் ஆசை வரும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுபொறியிலிருந்தும் புலனத்தில் (வாட்ஸ்அப்) பகிர்ந்த இணைப்பிலிருந்தும் வருபவர் நேராகப் பாட்டுப் பக்கத்தில்தான் இறங்குவார். முகப்பை அவர் பார்க்காமலே போகலாம். எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் தனிப் பக்கம், தனி முகவரி. இருபது பாட்டை ஒரே தொகுப்புப் பக்கத்தில் அடுக்கி வைத்தால் எதுவும் கண்டுபிடிக்கப்படாது.

பக்கத்தின் உச்சியில் கேட்கும் பொத்தான், அதன் கீழ் முதல் அடி, அடுத்து பெயர்கள். ஒவ்வொரு பெயரும் தட்டக்கூடியதாக இருக்கட்டும். உறுமிக்காரர் பெயர் உட்பட. அதன் கீழே, அடுத்துக் கேட்க மூன்று பாடல்கள். இந்த மூன்றை மனிதர் ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். முதலில் நாங்கள் தானியங்கிப் பரிந்துரை ஒன்றைப் போட்டோம். எந்தப் பாட்டைத் திறந்தாலும் ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்ட ஒரே பாடகரையே அது காட்டிக்கொண்டிருந்தது. கேட்பவர் கூட்டம் பெரிதாக இருந்தால் கணக்குக்குச் சரக்குக் கிடைக்கும். நம்மைப் போன்ற சிறு நிறுவனத்தில் அது பிரபலத்தை மேலும் பிரபலமாக்குவதோடு நின்றுவிடுகிறது. பரிந்துரைக்கு ஏன் என்று ஒரு வாக்கியமும் எழுதுங்கள்: "இதே உறுமிக் குழு, ஆனால் இங்கே தாலாட்டுக்கு வாசிக்கிறார்கள்." இப்படி ஒரு காரணம் சொன்னால் தட்டிப் பார்க்கத் தோன்றும்.

கலைஞர் பக்கத்தில் 'இசைப் பயணம் தொடங்கியது' என்ற வகை வாழ்க்கைக் குறிப்புகளைத் தூக்கி எறியுங்கள். முதலில் கேட்க மூன்று பாட்டு, பிறந்த தோட்டம், அடுத்த மேடை எங்கே, எப்போது, அவர் விரும்பிக் கேட்கும் சக கலைஞர் யார். கடைசியாகச் சொன்னதைக் கலைஞரிடமே கேட்டு வாங்குங்கள். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவதைவிட நல்ல பரிந்துரை கிடையாது. இன்னொரு சிறு யோசனை: கலைஞர் தன் பெயரைத் தானே சொல்லும் ஐந்து நொடி ஒலியையும் வையுங்கள். நிகழ்ச்சி அறிவிப்பாளர்களுக்கு உதவும்.

முகப்பில் சுழலும் படங்கள் வேண்டாம். ஒரு தேடுபெட்டி, அதற்குள் மங்கலாக 'ஒரு வரி, ஓர் ஊர், ஒரு பெயர்'. அதன் கீழ் இந்த வாரப் பாட்டு. அதன் கீழ் வாசல்கள்: திருவிழா, கல்யாணம், தாலாட்டு, பால்மரக் (ரப்பர் மரக்) காலத்துப் பாட்டு, சொல்லிசை, ஊர். மேற்கத்திய இசை வகைப் பெயர்கள் நிறுவனத்துக்குப் பெருமையாக இருக்கலாம். ஒட்டுக்கடையில் ஒருவரும் அவற்றைச் சொல்லவில்லை. நிறுவனரின் வாழ்த்துரையை என்ன செய்வது என்று கேட்பீர்கள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் இருக்கட்டும், அவருக்கும் மனம் நோகாது.

ஊர்ப்பெயர்கள்

'ஊர்' என்ற வாசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இப்போதைய முகவரியைவிடப் பிறந்த தோட்டத்தின் பெயர் நெருக்கமானது. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியிருக்கலாம், லயங்கள் இடிக்கப்பட்டிருக்கலாம். 'நம் தோட்டத்துப் பிள்ளை பாடியது' என்று தெரிந்தால் கேட்காமல் விடமாட்டார்கள். ஆகவே இருக்கும் ஊர், பிறந்த தோட்டம் என இரண்டையும் பதியுங்கள். பெயர் மாறிய ஊர்களுக்குப் பழைய பெயரிலும் தேடினால் கிடைக்க வேண்டும். தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் தட்டுவார்கள்.

எங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல். சுங்கை சிப்புட் என்று தேடுபொறியில் போட்டால் 1948 ஜூன் 16ஆம் நாள்தான் முதலில் வந்து நிற்கிறது: மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, அவசரகாலப் பிரகடனத்துக்கு வழிவகுத்த நாள். அந்த வரலாற்றோடு ஓர் உறுமிப் பாட்டு போட்டியிட முடியாது. அதனால் பக்கத் தலைப்புகளில் ஊர்ப்பெயரைத் தனியாக விடாமல் 'உறுமி', 'திருவிழாப் பாட்டு' போன்ற சொல்லோடு சேர்த்தே எழுதுகிறோம்.

எழுத்து, எழுத்துப்பிழை, தேடல்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. அகப்பக்கம் செய்து கொடுப்பவர்களும் பல நேரம் இதைக் கவனிப்பதில்லை, அவர்களுக்குத் தமிழ் தெரியாததால்.

முதலில் பழைய கோப்புகள். ஒருங்குறி (யூனிகோடு) பரவலாவதற்கு முன் தட்டிய பாடல் வரிகள் அந்தந்த எழுத்துருவுக்கே உரிய குறியீட்டில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வாய்க்கு வராத குறிகளாகத் தெரியும். அழிந்துவிட்டதாக நினைத்து வீசிவிடாதீர்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

அடுத்து, கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் தெரியும் எழுத்துகள். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தேடல் ஒன்றைக் கண்டு மற்றதைத் தவறவிடும். இதற்கு ஒருங்குறியிலேயே தீர்வு உண்டு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்எஃப்சி என்னும் சீர்வடிவத்துக்கு மாற்றச் சொல்லி நிரலாளரிடம் கேளுங்கள். அவருக்கு ஒரு வரி வேலை. ஆனால் 'கௌரி' என்பதற்குப் பதிலாகக் 'கெளரி' என்று ளகரம் போட்டுத் தட்டுவது அதில் சரியாகாது, ஏனென்றால் அது உண்மையிலேயே வேறு எழுத்து. 'மௌனம்', 'மெளனம்' என்பதும் இதே வகை. ஸ்ரீ என்ற எழுத்தும் ஸகரத்தில் தொடங்கி ஒரு விதமாகவும், ஶகரத்தில் தொடங்கி இன்னொரு விதமாகவும் குறியேற்றப்படுகிறது. இவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும்.

மூன்றாவது, பிழையோடு தேடுபவர். ல, ள, ழ மூன்றையும், ர, ற இரண்டையும், ந, ன, ண மூன்றையும் தேடலுக்குள் மட்டும் ஒன்றாக எண்ணச் சொல்லுங்கள். திரையில் சரியான வடிவமே தெரியட்டும். 'தோளி' என்று தட்டியவருக்குத் 'தோழி' கிடைக்க வேண்டும். அவருக்கு இலக்கணப் பாடம் நடத்த இது இடமில்லை.

நான்காவது, ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். பிறப்புப் பத்திரத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களோடுதான் நாம் வாழ்கிறோம். ஒரே சரவணனை வி போட்டும் டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள். ஒரு திருவுக்கு எச் உண்டு, இன்னொரு திருவுக்கு இல்லை. பதிவேட்டில் 'வேறு எழுத்து வடிவங்கள்' என்று ஒரு நெடுவரிசை வைத்து, ஒட்டுக்கடையிலும் தேடல் பட்டியலிலும் சேர்த்த பிழைகளை அங்கே கொட்டுங்கள். திருத்தாமல் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கடைசியாக, தமிழ் எழுத்தைப் படத்துக்குள் அடைக்காதீர்கள். அழகான சுவரொட்டியாக மட்டும் இருக்கும் பாட்டுப் பெயரைத் தேடுபொறி சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. பார்வையற்ற ரசிகரின் திரைவாசிப்பானையும் நம்ப முடியாது. பக்கத்தின் நிரலில் மொழி தமிழ் என்று குறிக்கவும் வேண்டும். வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடம் விடுங்கள்; நம் எழுத்தின் மேல்சுழியும் கீழ்வளைவும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பொத்தானை அளவெடுக்கும்போது உங்கள் கலைஞர்களில் யாருக்கு மிக நீண்ட பெயரோ அதைப் போட்டுப் பாருங்கள்.

எடை

நகரத்து அகன்ற அலைவரிசையில் சோதித்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். செம்பனைக்கு நடுவே, ஒற்றைக் கோடு மட்டும் காட்டும் கைப்பேசியில் திறந்து பாருங்கள். யூடியூப் காணொளியை அப்படியே பதித்தால், யாரும் தட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு பெட்டியும் அரை எம்பிக்கு மேல் இறக்கிவிடும். அதற்குப் பதில் ஒரு சிறிய படத்தை வைத்து, தட்டிய பிறகு காணொளி வரும்படி செய்யுங்கள். பக்கம் திறந்ததும் தானாகப் பாட வைக்கும் யோசனையையும் கைவிடுங்கள். குரோம் உலாவி 2018 முதல் ஒலியோடு தானாக இயங்குவதைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. தடுக்காவிட்டாலும் அலுவலகத்தில் திறந்தவர் உங்களைச் சபிப்பார்.

உரிமையும் அனுமதியும்

பாடல் வரிகளை வெளியிட எழுதியவரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் உரிமை குடும்பத்துக்கோ அதைப் பெற்றவருக்கோ இருக்கிறது. ரசிகர்களின் தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ சேகரித்தால், 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்கும் அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது.

குடிபெயர்ப்பு

பழைய முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்களுடையது, முதல் அகப்பக்கத்தை ஒரு காலத்தில் செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தது. அவரைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவதற்குள் தீபாவளி போய்விட்டது. டாட் மை முகவரிகளை நிர்வகிப்பது மைநிக். பதிவு விவரத்தை அதன் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். வேறு எதையும் தொடங்கும் முன் இதை முடியுங்கள்.

பழைய பக்கங்களின் முகவரிகளையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் இணையுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சோம்பேறித்தனம். குறுந்தட்டு உறையில் அச்சிட்ட முகவரி, வேன் கண்ணாடியில் ஒட்டிய கியூஆர் குறி, ஐந்து ஆண்டுக்கு முன் புலனத்தில் அனுப்பிய இணைப்பு எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ முந்தைய வாரம் புதிய அகப்பக்கத்தைத் திறக்காதீர்கள். ஈப்போ குனோங் சீரோவில் காவடி பார்த்துவிட்டு வரும் கூட்டம் அன்றிரவே உறுமிப் பாட்டைத் தேடும். அந்த இரவில் பழுது பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆரவாரம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலை போதும்.

திறந்த பிறகு

எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மகிழாதீர்கள். ஒரு பாட்டுக்காக வந்தவர், முன்பு கேட்டிராத இரண்டாவது கலைஞரின் பக்கத்துக்குப் போனாரா என்று பாருங்கள். போகவில்லையென்றால் அந்த மூன்று பரிந்துரைகளில் கோளாறு, மாற்றி எழுதுங்கள்.

அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று முடிந்த தேடல்களின் பட்டியல். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் அதற்கு ஒதுக்குகிறேன். பாதி எழுத்துப் பிழைகள். அவை பதிவேட்டில் ஏறுகின்றன. மீதி, நாம் எண்ணிப் பார்க்காத வாசல்கள். சென்ற மாதம் ஒருவர் 'தாத்தா குரல் பாட்டு' என்று மூன்று முறை தேடியிருந்தார். எங்கள் பதிவேட்டின் பதினேழாவது வரிசையில், பால் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் பாடிய பாட்டு இருக்கிறது. வெளியிட்ட நாளிலிருந்து அதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. 'பெரியவர்கள் பாடியவை' என்று முகப்பில் ஒரு வாசல் சேர்த்தோம். இப்போதைக்கு அதற்குள் அந்த ஒரு பாட்டுத்தான் இருக்கிறது.